மூக்கு பழகிய அறை

1979ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12ஆம் நாள், திங்கட்கிழமை. மூன்று நாள்கள் விடாது பெய்த மழை அன்று விடியலில் நின்றிருந்தது. வெயில் வரவில்லை, காற்றும் வீசவில்லை. ஊறவைத்து எடுத்த தோலைப்போல் மேகம் ஆம்பூரின்மேல் கனத்துத் தொங்கியது. தோல் பதனிடும் ஆலைகளின் புகை மேலே ஏற வழியறியாமல் ஓட்டுக் கூரைகளின் மீதே படுத்துக் கிடந்தது.

அன்று காலை ஒன்பதரை மணிக்கு, குளிர்பதனப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் கிருபானந்தம், கருவிப் பையை மிதிவண்டியின் பின்புறம் கட்டிக்கொண்டு, பாலாற்றை ஒட்டிய தெருவில் ஜஹீதாவின் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். ஐம்பது நாள்களுக்குள் அவர் அங்கு வந்து இறங்குவது அது மூன்றாம் முறை. ஒரே பெட்டிக்காக மூன்று முறை என்பது அவருடைய பதினேழு ஆண்டுத் தொழிலில் அதுவரை நேராத ஒன்று.

வீட்டுக்கு உரியவரான ஜஹீதா வாசற்படியில் அமர்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தார். கணவர் நிசார் அஹமது காலமான பின் முன்பகுதியில் அவர் தனியே வாழ்ந்தார். அந்தத் தெருவார் அனைவருக்கும் அவர் ஆபா, அதாவது அக்காள்.

"வா மெக்கானிக்கு. உனக்கும் இங்கியே ஒரு ரூம் போட்டுக் குடுத்துடட்டா? வந்து வந்து போறதுக்கு சைக்கிள் டயரு தேயுதில்ல."

"குடுங்க ஆபா. வாடகைக்குத்தான் இன்னும் நாலு ஃப்ரிட்ஜைக் கெடுத்துவச்சிட்டுப் போகணும்."

"கெடுக்கறது உனக்குப் புதுசா இன்னா?" என்றார் ஜஹீதா, தலையை நிமிர்த்தாமலேயே.

பின்பக்கத்து அறையில் குடியிருந்தவள் ஞானசுந்தரி. குடியாத்தத்துக்காரி, முப்பத்திரண்டு வயது, மணமாகாதவள். மருத்துவமனை ஒன்றில் செவிலி. ஆகஸ்டு முதல் அவளுக்கு இரவுப் பணி. ஆகவே ஊர் உறங்கும்போது அவள் விழித்திருந்தாள். ஊர் விழித்திருக்கும்போது சன்னலைச் சாத்தி, கதவைத் தாழிட்டு, தரையில் பாய் விரித்து உறங்கினாள். ஊரைவிட்டு மாற்றலாகிப் போன டாக்டர் ஒருவர் விற்ற குளிர்பதனப் பெட்டியை அவள் ஆசையோடு வாங்கி வைத்திருந்தாள்.

கிருபானந்தம் அறைக்குள் காலெடுத்து வைத்த நொடியில் ஒரு வாடை சுருக்கென்று மூக்கில் ஏறியது. இரண்டாம் மூச்சில் அது இல்லை. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆம்பூரில் பிறந்து வளர்ந்தவர் வாடையைப் பொருட்படுத்துவது என்று தொடங்கினால் வேறு வேலை பார்க்க முடியாது.

பணியிலிருந்து திரும்பிய வெள்ளைப் புடவையுடனேயே ஞானசுந்தரி நின்றிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருமை படர்ந்திருந்தது. கழுத்தில் கிடந்த வெள்ளிச் சிலுவை அதைவிடக் கறுத்திருந்தது.

"அண்ணே, ஒண்ணு கேட்டுக்கறேன். ரிப்பேர் இருந்தா இருக்குன்னு சொல்லுங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. எனக்காக ஒண்ணும் சேத்துச் சொல்ல வேணாம்."

"நான் இன்னாத்துக்கு சிஸ்டர் சேத்துச் சொல்லப் போறேன்?"

"இல்லண்ணே. நாளைக்கு மறுநாள் புதன்கிழமை, மூணு டாக்டருங்க உக்காந்து என்னை விசாரிக்கப் போறாங்க. போன வாரம் ரெண்டு தடவை மருந்துத் தட்டை மாத்தி எடுத்துட்டேன். பக்கத்துல இருந்த பொண்ணு பாத்ததால ஒண்ணும் ஆவல. நான் டூட்டிக்கு லாயக்கா இல்லியான்னு புதன்கிழமை முடிவு பண்ணிடுவாங்க." அவள் பெட்டியைப் பார்த்தாள். "படுத்துக் கொஞ்ச நேரத்துல இதோட காலுக்குக் கீழ மூணு தட்டுத் தட்டுது. டக், டக், டக்குன்னு. அதுக்கப்புறம் இதும் பக்கத்துல ஒருத்தர் நிக்கறாரு."

"ஆளா?"

"ஆளுதான். முழங்கால் வரைக்கும் வெள்ளையா இருக்கு, மாவுல எறங்கி நின்ன மாதிரி. கையில ஒரு கோலு, நுனியில கொக்கி. என்னைப் பாக்கறதில்ல. ஜன்னலைத்தான் பாக்கறாரு." அவள் குரல் தாழ்ந்தது. "தட்டற சத்தம் ஃப்ரிட்ஜுல இருந்து வந்தா நான் நல்லா இருக்கேன்னு அர்த்தம். இல்லன்னா அது என் தலையில இருக்குது. அதுதான் எனக்குத் தெரியணும்."

தம் பெட்டி பழுதற்றது என்று கேட்க விரும்புவோரையே கிருபானந்தம் அதுவரை கண்டிருந்தார். பழுது இருக்க வேண்டும் என்று ஏங்கி நிற்பவரை அன்றுதான் முதன்முதலாகக் கண்டார்.

பழுதைத் தேடுவோர் எளியதில் தொடங்கி அரியதை நோக்கிச் செல்லுதல் வேண்டும் என்பது அவர் தமக்கு வகுத்துக்கொண்ட நெறி. முதலில் பெட்டியின் நிற்பைச் சோதித்தார். நான்கு கால்களும் சமமாய் ஊன்றாவிட்டால் பெட்டி அதிரும். அதிர்ந்தால் ஓசை எழும். செப்டம்பரில் வந்தபோது அவர் அதற்காகவே செருப்புக்கு அடி தைக்கும் தடித்த தோலில் இரண்டு துண்டு வெட்டி முன்கால்களுக்கு அடியில் வைத்திருந்தார். இப்போது துண்டுகளை உருவிப் பார்த்தார். மேற்புறம் உலர்ந்திருந்தது. அடிப்புறம் ஈரமாக, வெள்ளை பூத்து, வழுவழுப்பாக இருந்தது. மழைக்காலத்தில் தரை கசிவது இயல்பு என்று எண்ணித் துடைத்து மீண்டும் வைத்தார்.

அடுத்துக் கதவின் ஓரத்து ரப்பர். சட்டைப்பையிலிருந்த பேருந்துச் சீட்டை இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்தார். சீட்டு எளிதில் வரவில்லை. ஆகவே ரப்பர் நன்று. கதவு மூடும்போது விளக்கு அணைகின்றதா என்பதைக் கதவின் ஓரத்துக் குமிழை விரலால் அழுத்திக் கண்டார், அதுவும் நன்று. சுவருக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு சாண் இடம் இருந்தது. மின்னழுத்தம் சீராக்கும் கருவியின் முள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. ஆயினும் உள்ளே குளிர் இல்லை. மேலறையில் ஒரு துளி உறைபனியும் இல்லை. பாத்திரத்துப் பால் திரிந்திருந்தது.

"கேஸ் போயிருக்குது. ரிப்பேர் இருக்கு சிஸ்டர்," என்றார் கிருபானந்தம்.

ஞானசுந்தரியின் முகத்தில் முதன்முறையாகச் சிறிது உயிர் வந்தது. "அந்த கேஸ்தான் என் தலைய இப்படிப் பண்ணுதா?"

"அதுக்கு வாடையும் கெடையாது, வெஷமும் கெடையாது. கையளவுதான் இருக்கும்."

பெட்டியை முன்னுக்கு இழுத்து அவர் பின்னால் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அக்டோபர் 19ஆம் நாள் அவரே பற்றவைத்த புதிய தாமிரக் குழாய், அன்று புதுச் செப்புக்காசுபோல் சிவந்து மின்னியது, இன்று காக்கைச் சிறகுபோல் கறுத்திருந்தது. விரலால் தேய்த்தால் கருமை செதிளாக உதிர்ந்தது. அடியில் ஊசி முனையளவு துளை. வியப்பு அதிலன்று. குழாயின் மேற்பகுதியில் கருமை மெலிந்திருந்தது. கீழே வர வரத் தடித்திருந்தது. தரையிலிருந்து ஏதோ ஒன்று எழுந்து, எட்டிய உயரம் வரை அதை நாவால் தடவியதுபோல் இருந்தது.

அவர் மின்செருகியைப் பிடுங்கினார். பிறகு குழாயில் ஒரு விரல் நீளத்தை வெட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இப்ப கரண்ட் இல்ல. ஒரு நிமிஷம் சும்மா இருங்க. சத்தம் வருதான்னு பாப்போம்."

இருவரும் மூச்சை அடக்கிக் காத்திருந்தனர். வாசலில் ஜஹீதா அவரைக்காயை முறிக்கும் ஓசைகூடத் தெளிவாகக் கேட்டது. பெட்டி செத்த மாட்டைப்போல் அசைவற்று நின்றது.

டக். டக். டக்.

பெட்டியின் காலடியில், தரைக்கு உள்ளிருந்து, ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமின்றி எழுந்தது அந்த ஓசை.

"கேட்டுதாண்ணே?"

"கேட்டுது."

"அப்ப என் தலையில இல்ல," என்று ஞானசுந்தரி பாயில் அமர்ந்து முகத்தைப் புடவைத் தலைப்பில் புதைத்துக்கொண்டாள். அவள் அழுதாளா சிரித்தாளா என்பது தெரியவில்லை.

மின்சாரம் இல்லாத பெட்டி எவ்வாறு தட்டும் என்ற வினா அவருக்குள் எழாமலில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் நிம்மதியைக் கலைக்க அவருக்கு மனம் வரவில்லை. சூடான குழாய் ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது ஓசை எழுப்பும் என்று நூலில் படித்திருந்தார். அதையே அவளிடமும் சொன்னார். சொல்லும்போது தாமும் நம்பிவிட்டார்.

"நான் போயி புதுக் குழாயும் கேஸும் எடுத்துட்டு மத்தியானம் வர்றேன். நீங்க படுங்க."

"போறதுக்கு முன்ன அந்த ஜன்னலைக் கொஞ்சம் பாருங்கண்ணே. தாப்பா போட்டுத்தான் படுக்கறேன். சாயந்தரம் எழுந்தா தெனமும் தொறந்திருக்குது. சந்துல போறவன் வர்றவன் எல்லாம் எட்டிப் பாப்பான்."

சந்துப் பக்கத்துச் சன்னல் அது; இரும்புக் கம்பிகளும் இரட்டை மரக்கதவும் கொண்டது. தாழ்ப்பாள் உறுதியாகவே இருந்தது. காற்றில் திறக்கக்கூடியதன்று. ஆயினும் கிருபானந்தம் கட்டுக்கம்பியை எடுத்து, இரு கொக்கிகளையும் சேர்த்துக் குறடால் ஆறு முறுக்கு முறுக்கி, முனையை உட்புறமாக மடித்துவிட்டார். "இனிமே யானை வந்து இழுத்தாலும் தொறக்காது," என்றார்.

அவர் புறப்படும்போது அவள் வாசல்வரை வந்தாள். "ஆபா, இன்னிக்கு ஒரு அதிசயம். நேத்து வரைக்கும் அழுவின முட்டை நாத்தம் தாங்கல. இன்னிக்கு நாத்தமே இல்ல."

ஜஹீதா சிரித்தார். "வந்த புதுசுல மூக்கைப் பொத்திக்கினு இன்னா பேஜார் பண்ண நீ. இப்ப மூக்கு பழகிடுச்சு பொண்ணே. ஆம்பூருக்கு மருமவ ஆயிட்ட."

கிருபானந்தமும் உடன் சிரித்தார். வெளியூரிலிருந்து அங்கு வந்து குடியேறும் ஒவ்வொருவருக்கும் அந்தச் சொல் ஒருநாள் சொல்லப்படும். அது ஊர் கொடுக்கும் வரவேற்பு. அப்பொழுது மணி பத்தே முக்கால். உள்ளே கதவு தாழிடப்படும் ஓசை கேட்டது. மிதிவண்டியை மிதிக்கும்போது அவருக்குத் தலை இலேசாகக் கிறுகிறுத்தது. நெடுநேரம் குனிந்திருந்ததால் என்று எண்ணிக்கொண்டார்.

புகைவண்டிப் பாதைக்கு அருகிலிருந்த அவருடைய கடைக்கு வழியில் இரண்டு வேலைகளை முடித்து, புதுத் தாமிரக் குழாய்ச் சுருளையும் வாங்கி மிதிவண்டியில் மாட்டிக்கொண்டு அவர் வந்து சேர்ந்தபோது பதினொன்றே முக்கால் ஆகிவிட்டது. கடை வாசலில் ஷபீ அஹமது காத்திருந்தார். ஆலை ஒன்றில் இரசாயனக் கிடங்கின் பொறுப்பாளர் அவர், கிருபானந்தத்தின் நண்பர்.

"இன்னா தோஸ்த், எங்க வாட்டர் கூலரை மறந்துட்டியா? ஆபீஸ்ல எல்லாரும் வெந்நீர் குடிச்சிக்கினு இருக்கோம்."

"மறக்கல பாய். ஒரு ஃப்ரிட்ஜ் என் உயிரை வாங்குது." கிருபானந்தம் சட்டைப்பையிலிருந்து கறுத்த குழாய்த் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

ஷபீ அஹமது அதைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தார். "எந்தக் குழியில போட்டு எடுத்த இதை?"

"குழியா? ஒரு நர்ஸம்மா ரூமுல இருக்கற ஃப்ரிட்ஜ் இது. இருவத்திநாலு நாள் முன்ன நான் போட்ட புதுக் குழாய்."

ஷபீயின் முகத்திலிருந்த கேலி மறைந்தது. துண்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். "அந்த ரூமுல முட்டை அழுவின நாத்தம் உண்டா?"

"நேத்து வரைக்கும் ஜாஸ்தியாம். இன்னிக்கு சுத்தமா இல்லியாம். மூக்கு பழகிடுச்சுன்னு ஆபா கூடக் கிண்டல் பண்ணாங்க."

"பழகல கிருபா," என்றார் ஷபீ அஹமது மெதுவாக. "மூக்கு செத்துப் போச்சு. தோல் குழியில ஊறுற வெஷ கேஸ் கம்மியா இருந்தா நாத்தம் அடிக்கும். ஜாஸ்தியானா மூக்கு வேலை செய்யாது, ஒண்ணுமே தெரியாது. நாத்தம் அடிக்கற குழியில எறங்கி ஆளு வெளிய வந்துருக்கான். நாத்தம் அடிக்காத குழியில எறங்குனவன் யாரும் வந்ததில்ல. எந்த வீடு அது?"

"நிசார் அஹமது பாய் வீடு. ஆத்தோரம்."

"அல்லாவே. அந்தப் பின்கட்டுல சின்னத் தொழிற்சாலை இருந்துது. தோலு முடி எடுக்கற சுண்ணாம்புக் குழி ரெண்டு. பதினாலு வருஷம் இருக்கும், வேதாசலம்னு ஒருத்தர் குழியக் கழுவ எறங்கினார். கொக்கிக் கோலு ஒண்ணுதான் மேல வந்துது. அதோட நிசார் பாய் தொழிலையே விட்டுட்டார். குழியை நெரப்பிட்டதாச் சொன்னாங்க."

முழங்கால் வரை வெள்ளை. நுனியில் கொக்கி வைத்த கோல். அடிப்புறம் சுண்ணாம்பு பூத்த தோல் துண்டு. ஒவ்வொன்றாகக் கிருபானந்தத்தின் உள்ளத்தில் வந்து நின்றன. கடைசியாக வந்து நின்றது சன்னல். நாள்தோறும் தாழ்ப்பாளைக் கடந்து திறந்துகொண்ட சன்னல். அவர் ஆறு முறுக்குப் போட்டுக் கட்டிய சன்னல்.

"பாய், நான் ஜன்னலைக் கட்டிட்டேன்," என்றார்.

குழாய்ச் சுருளை மிதிவண்டியிலிருந்து இறக்கவும் தோன்றாமல் அவர் மிதித்தார். ஷபீ அஹமது கருவிப் பையை மடியில் வைத்துப் பின்னிருக்கையில் அமர்ந்து வழிநெடுக அவர் காதில் சொல்லிக்கொண்டே வந்தார்: "முதல்ல கதவு. தொறந்துட்டு தள்ளி நில்லு. அப்புறம் மூச்சைப் பிடிச்சிக்கினு போ. உள்ள பேசாத. வேதாசலத்தோட மச்சான் காப்பாத்த எறங்கிப் பாதியில மயங்கி, நாலு பேரு சேந்து இழுத்துப் போட்டதாலதான் பொழைச்சான்."

தெருமுனையை அடைந்தபோது பன்னிரண்டே கால். கிருபானந்தம் அறைக் கதவை இடித்தார், குரல் கொடுத்தார். உள்ளிருந்து விடை வரவில்லை. மூன்று தட்டுகள் மட்டும் வந்தன. அவை கதவின் உயரத்திலிருந்து வரவில்லை, காலடியிலிருந்து வந்தன. கையில் கரண்டியோடு ஓடிவந்த ஜஹீதா, "இன்னா ஆச்சு, இன்னா ஆச்சு," என்று கேட்டுக்கொண்டே நின்றார். கதவு பழைய ஆலைக் கதவு, தேக்கு, இருவர் தோளுக்கு அசையவில்லை.

சன்னலை உடைப்பதே வழி என்று கிருபானந்தம் சுத்தியலை எடுத்துக்கொண்டு சந்துக்குள் ஓடினார். ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது.

சன்னல் ஒரு சாண் அளவு திறந்திருந்தது. அந்த இடைவெளியில், இரும்புக் கம்பிகளுக்கு நடுவே, ஞானசுந்தரியின் முகம் இருந்தது. கண்கள் மூடியிருந்தன, வாய் வெளிக்காற்றை நோக்கித் திறந்திருந்தது. சுவரில் சாய்த்து உட்கார வைத்ததுபோல் சன்னலடியில் கிடந்த மரப்பெட்டிமீது அவள் அமர்ந்திருந்தாள். அவளுடைய பாய் அறையின் மறுகோடியில், குளிர்பதனப் பெட்டியின் காலடியில் விரித்தபடி கிடந்தது.

வியப்பதற்கு நேரமில்லை. கதவின் உள்தாழ் சன்னலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. மிதிவண்டியில் தொங்கிய தாமிரக் குழாயை ஒரு முழம் முறித்து, நுனியைக் கொக்கியாக வளைத்து, கம்பிகளின் ஊடே கைவிட்டுத் தாழை இழுத்தார். இருமுறை வழுக்கியது. மூன்றாம் முறை தாழ் விலகியது. ஷபீ கதவை எட்டி உதைத்துத் திறந்துவிட்டுப் பத்தடி பின்வாங்கினார். இருவரும் நூறு எண்ணும் வரை காத்திருந்தனர். அந்த நூறு ஒரு பகற்பொழுதாக நீண்டது. பின்பு மூச்சை அடக்கி உள்ளே பாய்ந்து, ஒருவர் தோளையும் ஒருவர் காலையும் பற்றி, அவளை முற்றத்துத் திறந்த வெளியில் கொண்டுவந்து கிடத்தினர்.

ஜஹீதா அவள் முகத்தில் நீரைத் தெளித்து, தம் முந்தானையால் விசிறினார். "நெரப்பிட்டேன்னுதான் சொன்னாரு. என் தலை மேல கை வச்சுச் சொன்னாரு," என்று மீண்டும் மீண்டும் சொன்னார். நிரப்பவில்லை என்பது பிற்பாடு அறைத் தரையின் கடப்பைக் கற்களைப் பெயர்த்தபோது தெரிந்தது. மேலே கல்லைப் பரப்பிச் சிமெண்டு பூசியதோடு சரி. மழைநீர் அடியிலிருந்து ஏற ஏற, குழியில் அடைபட்டிருந்த காற்று குமிழியாய் எழுந்து தளர்ந்த கல்லைத் தட்டியிருக்கிறது. தட்டலுக்குக் காரணம் அதுவே என்று ஷபீ அஹமது கூறினார். பிறர் மறுக்கவில்லை.

ஞானசுந்தரி வாந்தி எடுத்தாள். பிறகு நெடிய மூச்சொன்றை இழுத்துக் கண் திறந்தாள். அவள் முதலில் தேடியது கிருபானந்தத்தைத்தான்.

"அண்ணே, எதுல ரிப்பேர்?"

"தரையில சிஸ்டர். அடியில பழைய குழி, அதுல இருந்து வெஷக் காத்து. உங்க தலையில ஒண்ணுமே இல்ல. புதன்கிழமை நானும் பாயும் வர்றோம். இந்தக் குழாயை டாக்டருங்க மேஜை மேல வச்சுச் சொல்றோம்."

அவள் அதைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். சற்றுப் பொறுத்து, "ஜன்னலைத் தொறந்ததுக்கு அவர்கிட்டச் சொல்லணும்," என்றாள்.

"யாரு கிட்ட?"

"கக்கத்துல கை குடுத்துத் தூக்கினாரே, அவரு."

கிருபானந்தம் எழுந்து சந்துப் பக்கம் சென்றார். அவர் முறுக்கிய கட்டுக்கம்பி சன்னல் விளிம்பில் கிடந்தது. அது அறுபடவில்லை. குறடின்றி எவராலும் பிரிக்க இயலாத ஆறு முறுக்கும் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டு, கம்பி கோடுபோல் நேராக நீட்டி வைக்கப்பட்டிருந்தது. அவர் திரும்பி வந்து ஞானசுந்தரியின் விரல்களைப் பார்த்தார். ஒரு கீறலும் இல்லை. தம் விரல்களைப் பார்த்தார். கம்பியைத் தொட்ட இடத்தில் வெள்ளையாக ஒட்டியிருந்தது, சுண்ணாம்பு.

அப்போது திறந்த கதவின் உள்ளிருந்து, மின்சாரம் பிடுங்கப்பட்ட பெட்டியின் பக்கமிருந்து, மூன்று தட்டுகள் எழுந்தன. இம்முறை நால்வரும் கேட்டனர். வேலையை முடித்தவன் கோலைத் தரையில் ஊன்றுவது போன்ற ஓசை அது. ஜஹீதா தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உதட்டுக்குள் ஓதினார்.

நான்காவது தட்டு வருமா என்று அவர்கள் காத்திருந்தனர். வரவில்லை. அதன்பின் என்றுமே வரவில்லை. கிருபானந்தம் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்: பகல் பன்னிரண்டு மணி முப்பத்தெட்டு நிமிடம்.